கம்பளத்துக்கு மேலே ஒரு ஜமக்காளம்

ஜூன் 4, புதன்

மழை இல்லை.

தேயிலை எஸ்டேட்டில் இருபத்தாறு வருஷம் மானேஜர் மனைவியாக இருந்தவளுக்கு டைரியின் முதல் வரி பெரும்பாலும் மழைதான். குன்னூரில் மழைமானியைப் பார்த்து எழுதினேன். இங்கே கோயம்புத்தூரில் நாலாவது மாடி பால்கனியில் கையை நீட்டிப் பார்த்து எழுதுகிறேன். இவரும் தினமும் காலையில் கேட்கிறார், "ரூபி, மழை எவ்வளவு?" ரிட்டயர் ஆகி மூன்று வருஷம் ஆகியும் எங்கள் இருவருக்கும் இந்தப் பைத்தியம் தெளியவில்லை.

இன்று ஒரு முடிவு எடுத்தேன். ஹாலுக்குப் பழைய கம்பளம் ஒன்று வாங்க வேண்டும். மகள் பியூலாவின் நிச்சயதார்த்தத்துக்கு ஜூலை பதின்மூன்றாம் தேதி சம்மந்தி வீட்டார் பாளையங்கோட்டையிலிருந்து வருகிறார்கள். எங்கள் ஹாலின் வெள்ளை டைல்ஸைப் பார்த்தால் ஊசி போடத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

எஸ்டேட் பங்களாவில் ஒரு கம்பளம் இருந்தது. மாதுளைச் சிவப்பு. நடுவில் பெரிய பூ, சுற்றிலும் கொடி. ஒரு மூலையில் சுருட்டு பொசுக்கிய ஓட்டை. அந்தக் காலத்து வெள்ளைக்கார மானேஜர் யாரோ செய்த புண்ணியம். டிசம்பர் மாலையில் கணப்பு எரியும்போது அதில் வெறுங்காலை வைத்தால் எழுந்திருக்கவே மனம் வராது. ஆனால் அது கம்பெனிச் சொத்து. ரிட்டயர் ஆன அன்று நாற்காலி, கட்டிலோடு அதையும் ஒப்படைத்துவிட்டு இறங்கினோம். அப்போது நான் அழவில்லை. முதல் கொண்டை ஊசி வளைவு தாண்டியதும்தான் அழுதேன்.

இவருக்கு நடையில் கொஞ்சம் மந்தம். முழங்காலாக இருக்கும்.

ஜூன் 7, சனி

மழை இல்லை. மேகம் மட்டும் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனது.

கம்பளம் வாங்கப் போகிறவர்கள் செய்யும் முதல் தப்பு, அளவைக் கண்ணால் எடுப்பது. சின்னதாக வாங்கிவிட்டால் ஹால் நடுவில் ஒட்டுப் போட்டது போல இருக்கும். சோபாவின் முன்னங்கால்களாவது அதன்மேல் நிற்க வேண்டும். அதனால் பழைய செய்தித்தாள்களை ஹால் முழுக்க வரிசையாகப் பரப்பி, எவ்வளவு பெரியது வேண்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து வந்த இவர் அத்தனை பேப்பர் மேலும் கால் வைத்து, விறுவிறுவென்று ஜன்னல் வரை போய் நின்றார்.

"பேப்பரை மிதிக்கக் கூடாதுன்னு சின்னப் பிள்ளைக்குக்கூட தெரியும்," என்று சத்தம் போட்டேன்.

"நான் எங்க மிதிச்சேன், அதுவா வந்து காலுக்குக் கீழ நிக்கி," என்றார்.

பேப்பரையெல்லாம் நான் அள்ளி எடுத்தபின் திரும்பி வராமல் ஜன்னலோரம் ரொம்ப நேரம் நின்றுகொண்டிருந்தார். கூப்பிட்டால் "இந்தா வாரேன்" என்கிறாரே தவிர வரவில்லை. பிடிவாதம்.

மத்தியானம் என் அண்ணன் பொன்ராஜ் போன் செய்தான். "மாப்ளைக்கு நடை சரியில்லைன்னு கேள்விப்பட்டேன். கல்யாணத்தன்னைக்குக் கோயில்ல பிள்ளைய நான் கைபிடிச்சுக் கூட்டிட்டுப் போறேன், நீ ஒண்ணும் கவலைப்படாத." சர்ச்சில் பெண்ணை ஆல்டர், அதாவது பீடம் வரை கைபிடித்துக் கூட்டிப்போவது தகப்பன் வேலை. தகப்பன் கல்லுக்குண்டு போல வீட்டில் இருக்கும்போது மாமன் எதற்கு? அதையேதான் அவனிடமும் சொன்னேன். போனை வைத்துவிட்டுத் திரும்பினால் இவர் பின்னால் நிற்கிறார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை.

ஜூன் 10, செவ்வாய்

சாயந்திரம் பியூலா ஆபீஸிலிருந்து வந்ததும் அவளைக் கூட்டிக்கொண்டு கந்தவேல் கடைக்குப் போனேன். மலை பங்களாக்களில் கழிக்கிற மேஜை, கடிகாரம், கம்பளமெல்லாம் அவரிடம்தான் வந்து சேர்கின்றன.

முதலில் விரித்ததைப் பார்த்து பியூலா மயங்கிவிட்டாள். அடர்ந்த பழுப்பும் சிவப்பும், நூறு வயசுக் களை. "ஏனுங்கம்மா, இது உங்க வயசுக்கும் மூத்ததுங்க," என்றார் கந்தவேல். நான் விரலால் இழையைப் பிரித்துப் பார்த்தேன். வெயில் தின்ற பழைய கம்பளத்தில் மேலே வெளுத்து, அடியில் நிறம் அப்படியே இருக்கும். இதில் மேலும் கீழும் ஒரே பழுப்பு. குனிந்து மோந்து பார்த்தேன். டீ! புதுக் கம்பளத்தை டீத்தண்ணீரில் முக்கிக் கிழடாக்கியிருக்கிறார்கள். அதுவும் மட்டமான டஸ்ட் டீ.

"கந்தவேல், டீயை என்கிட்டயேவா?"

"அம்மா எஸ்டேட்டுன்னு சொல்லலீங்களே," என்று சிரித்துக்கொண்டே அதைச் சுருட்டினார்.

பிறகு நிஜமானவை வெளியே வந்தன. ஒவ்வொன்றையும் திருப்பி முதுகைப் பார்த்தேன். கைமுடிச்சு என்றால் முதுகிலும் பூ தெரியும், வரிசை கொஞ்சம் கோணும். ஓரக் குஞ்சம் கம்பளத்தின் பாவு நூலாகவே இருக்க வேண்டும். தைத்து ஒட்டினது ஆகாது. ஈரக் கைக்குட்டையால் துடைத்தால் சாயம் ஏறக் கூடாது. இத்தனையும் தேறி வந்தது ஒன்றே ஒன்று. மாதுளைச் சிவப்பு, நடுவில் பூ, சுற்றிலும் கொடி. பாரசீகம் இல்லை, பாரசீகத்தைப் பார்த்து நம் ஊரில் போட்டது. சுருட்டு ஓட்டை இல்லாதது மட்டும்தான் குறை.

"அம்மா, நம்ம பங்களா கார்பெட் மாதிரியே இருக்கு," என்றாள் பியூலா. அதற்காகத்தான் வாங்குகிறேன் என்று அவளிடம் சொல்லவில்லை. கடையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்க முடியுமா?

ஜூன் 12, வியாழன்

டாக்டரிடம் போனோம். அவர் ஒரு பெயர் சொன்னார். இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். மூன்று வேளை மாத்திரை.

சம்மந்தி வீட்டில் முழங்கால் வலி என்றே சொல்லிக்கொள்வது என்று இருக்கிறேன்.

ஜூன் 19, வியாழன்

நேற்று ராத்திரி தூறல்.

கம்பளம் வந்துவிட்டது. கடை ஆட்கள் விரித்துவிட்டுப் போனதும் ஹாலே பங்களாவாகிவிட்டது. இவர் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார். "கணப்பு ஒண்ணுதான் இல்ல, ரூபி," என்றார்.

"வாங்க, கால் வச்சுப் பாருங்க," என்றேன். அவர் குனிந்து பூக்களையே பார்த்தார். கால் எழும்பவில்லை. "அப்புறமா வாரேன்" என்று சுவரைப் பிடித்துக்கொண்டே அறைக்குத் திரும்பிவிட்டார். நல்ல சாமான் மேல் கால் வைக்க அவருக்குக் கூச்சம் போலும்.

கூச்சமும் நியாயம்தான். இத்தனை விலை கொடுத்து வாங்கியதில் காபி சிந்தினால் யார் பொறுப்பு? ஆகவே என் பழைய பவானி ஜமக்காளத்தை எடுத்து அதன்மேல் விரித்துவிட்டேன். நிச்சயதார்த்தத்தன்று எடுத்துக்கொள்ளலாம். பியூலா தலையில் அடித்துக்கொண்டாள். "சோபாவுக்கு உறை, ரிமோட்டுக்குப் பிளாஸ்டிக் கவர், இப்ப கார்பெட்டுக்குப் போர்வையா? பின்ன எதுக்கும்மா வாங்குனீங்க?" பேசுவாள். வாங்கிக் கொடுத்தவளுக்கல்லவா தெரியும் அருமை.

இந்த ஜமக்காளம் என் கல்யாணத்துக்கு அண்ணன் வாங்கித் தந்தது. சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று சாண் அகலப் பட்டைகள். பங்களாவில் இதைப் புல்வெளியில் போட்டு, இவரும் குட்டி பியூலாவும் 'கொளமா கரையா' விளையாடுவார்கள். நீலம் குளம், சிவப்பு கரை. "கொளமா, கரையா?" என்று அவள் கத்துவாள். கால்மேல் கால் போட்டு முந்நூறு ஆட்களை மேய்த்த மனுஷன் நீலத்தில் கால் பட்டால் முதலை கடித்த மாதிரி அலறி விழுவார். தொழிலாளிகள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சிரிப்பார்கள். "மானேஜர் மாதிரி இருங்க" என்று நான் வாசலில் நின்று கத்துவேன். என்னையும் கூப்பிடுவார்கள். ஒருநாளும் நான் போனதில்லை. எனக்கு அடுப்பில் எப்போதும் ஏதாவது இருந்தது.

ஜூன் 30, திங்கள்

மழை இல்லை. வேறு நல்ல செய்தி இருக்கிறது.

இவர் நடக்கிறார்! அறையிலிருந்து ஹாலைத் தாண்டி பால்கனி வரை போய், மழை இருக்கிறதா என்று அவரே பார்த்துவிட்டு வருகிறார். சமையலறை டைல்ஸில் மட்டும் கொஞ்சம் தடுமாற்றம். மாத்திரை பிடித்துவிட்டது. கூடவே நான் வெள்ளிதோறும் இருக்கிற உபவாசமும். பொன்ராஜிடம் போனில் சொல்லிவிட்டேன்: "பிள்ளைய அவுக அப்பாவே கூட்டிட்டுப் போவாக." இவர் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் படிப்பது போல நடித்துக்கொண்டிருந்தார். பேப்பர் தலைகீழாக இருந்தது.

ஜூலை 12, சனி

நாளை வருகிறார்கள். முறுக்கு, அச்சுமுறுக்கு, முந்திரிக்கொத்து முடிந்தது. ஜமக்காளத்தை மடித்துப் பரணில் போட்டேன். கம்பளத்தைப் பார்த்துப் பார்த்துக் கண் நிறையவில்லை.

ஜூலை 13, ஞாயிறு

எழுத மனமில்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று எல்லாரும் ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். சம்மந்தியம்மா லில்லி கம்பளத்தைத் தடவித் தடவிப் பார்த்தார்கள். மாப்பிள்ளை ரெஜின் எழுந்து நின்று, "மாமா வரட்டும்," என்றான். இவர் கோட்டு போட்டு, பழைய மானேஜர் மிடுக்கோடு அறையிலிருந்து வந்தார். கம்பளத்தின் ஓரத்தில் நின்றார். நின்றவர் நின்றபடியே இருந்தார்.

பாதம் தரையை விட்டு எழும்பவில்லை. முழங்கால் மட்டும் சின்னச் சின்னதாக நடுங்கியது. சம்மந்தி நீட்டிய கை அப்படியே நீண்டிருந்தது. "முழங்கால்," என்றேன் நான், யாரும் கேட்காமலே. பொன்ராஜும் ரெஜினும் இரண்டு பக்கமும் பிடித்து, ஏறக்குறையத் தூக்கி வந்து சோபாவில் உட்கார வைத்தார்கள். மோதிரம் மாற்றினார்கள், ஜெபம் செய்தார்கள், சாப்பிட்டார்கள், போனார்கள். இவர் கடைசி வரை என் முகத்தைப் பார்க்கவில்லை.

படுக்கப் போகுமுன் சொன்னார், "ரூபி, பொன்ராஜையே கூட்டிட்டுப் போகச் சொல்லிரு. பிள்ளை நடுவழியில நிக்க வேண்டாம்."

அந்த ஒரு காரியத்துக்காக அவர் எவ்வளவு ஆசைப்பட்டார் என்று எனக்குத் தெரியும். பியூலா பிறந்த அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்து, "ஒத்திகை பாக்கேன்" என்று சொன்ன மனுஷன்.

ஜூலை 16, புதன்

நல்ல மழை. மண் வாசனை நாலாவது மாடி வரை வந்தது.

வந்தவர்கள் போயாயிற்று, கம்பளத்துக்கு இனி என்ன வேலை என்று ஜமக்காளத்தைப் பரணிலிருந்து எடுத்து மேலே விரித்தேன். காபி கொண்டுவரச் சமையலறைக்குப் போய்த் திரும்புவதற்குள், இவர் பால்கனியில் நிற்கிறார், மழையைப் பார்த்துக்கொண்டு. யாரும் பிடிக்கவில்லை.

"எப்படிப் போனீங்க?"

"நடந்துதான்." அவருக்கே ஆச்சரியம்.

ஆபீஸ் கிளம்பிக்கொண்டிருந்த பியூலா செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டாள். "அம்மா, சும்மா இருங்க. அப்பா, திரும்பி வாங்க பாப்போம்." இவர் வந்தார். ஒவ்வோர் எட்டாக, நிதானமாக, தடுமாறாமல். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அம்மா, பாருங்க. அப்பா செவப்புல மட்டும்தான் கால் வைக்காங்க."

ஜமக்காளத்தை உருவி எடுத்தோம். பூக்கள் முன்னால் நின்றுவிட்டார். திரும்பப் போட்டோம். நடந்தார். எனக்கு அன்றைக்கு அவர் பேப்பர் மேல் விறுவிறுவென்று போனது ஞாபகம் வந்தது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறேன். டாக்டருக்குப் போன் போட்டால், "ஆமாம்மா, குறுக்கே கோடு இருந்தா சிலருக்குக் கால் எழும்பும், பூ வேலைப்பாடு இருந்தா தடுமாறும்," என்று சாவகாசமாகச் சொல்கிறார். இதை முன்னாலேயே சொன்னால் வாயில் முத்து உதிர்ந்துவிடுமா?

எழுதிவிடுகிறேன். பார்க்கின்சன். எழுதியாயிற்று. அது ஏற்கெனவே வீட்டுக்குள்தான் உட்கார்ந்திருக்கிறது, நான்தான் நாற்காலி போடாமல் இருந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

கோயிலிலிருந்து வந்ததும் சம்மந்தியம்மாவுக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னேன். பெண்ணுக்கும் வருமோ என்று கேட்டால் என்ன சொல்வது?

அந்தம்மா முழுக்கக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு, "எங்க வீட்டு ஆளுக்கு வலது காது சுத்தமா கேக்காது, மதினி. அன்னைக்கு நீங்க அந்தப் பக்கமா இருந்துதான் அவ்வளவு நேரம் பேசுனீங்க. நாங்க சொன்னோமா?" என்றார்கள்.

சிரித்தேன். சிரிப்பு பாதியில் அழுகையாகிவிட்டது. அந்தம்மா போனை வைக்காமல் நான் முடிக்கும் வரை இருந்தார்கள்.

ஆகஸ்ட் 2, சனி

மழை இல்லை.

கல்யாணம் குன்னூரில், பியூலா ஞானஸ்நானம் பெற்ற சின்னக் கோயிலில். வாசலிலிருந்து ஆல்டர் வரை கோடே இல்லாத சிவப்பு விரிப்பு போடுவார்கள். என் ஒரு ஜமக்காளம் எந்த மூலைக்குப் போதும்?

மறுபடியும் கந்தவேல் கடை. "பழைய ஜமக்காளம் வேணும். நீளமா, குறுக்குப்பட்டை போட்டது."

"ஏனுங்கம்மா, ஊரே பாரசீகம் வேணும்னு நிக்குது. நீங்க பந்தியில விரிக்கறத கேக்கறீங்க?"

"பந்திக்குத்தான்," என்றேன்.

ஒரு பழைய கல்யாண மண்டபத்துக் கட்டைப் பிரித்துப் போட்டார். இந்தத் தடவை நான் முதுகைப் பார்க்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. ஒவ்வொன்றையும் விரித்து அதன்மேல் நடந்தேன். பட்டை குறுகலாக இருந்தால் கண் கூசுகிறது. ரொம்ப அகலமென்றால் எட்டு எட்டாது. நடுவில் மயில், தாமரை போட்டவை எல்லாம் தள்ளுபடி. இவருடைய எட்டுக்குச் சரியாக இரண்டு கிடைத்தன. சாயம் போனவை, ஒன்றில் ரசக் கறைகூட இருக்கிறது. என் வாழ்நாளில் இவ்வளவு கவனமாக நான் எதையும் பொறுக்கியதில்லை.

குன்னூர்க் கோயில் ஆயர் போனில் முதலில் தயங்கினார். கோயிலுக்குள் ஜமக்காளமா என்று. இவரே போனை வாங்கி, "ஐயா, என் பிள்ளைய நான் கூட்டிட்டு வரணும்," என்றார். ஆயர் சம்மதித்துவிட்டார்.

ஆகஸ்ட் 28, வியாழன்

குன்னூரில் மூடுபனி, பிறகு வெயில். நாங்கள் இருந்த காலத்து வெயில்.

மூன்று ஜமக்காளங்களும் வாசலிலிருந்து வரிசையாகக் கிடந்தன. ஆல்டர் பக்கம் என்னுடையது. பாட்டு தொடங்கியது. திரும்பிப் பார்க்கக் கூடாது என்று நினைத்திருந்தேன், கழுத்து கேட்கவில்லை. வெள்ளைப் பட்டில் பியூலா, பக்கத்தில் இவர். அவர் கீழே பார்த்தபடி, சிவப்பு, சிவப்பு, சிவப்பு என்று வந்தார். எஸ்டேட் பழைய ஆட்கள் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள்.

என் பெஞ்சைத் தாண்டியதும் நின்றுவிட்டார்.

யாராவது தடுக்கி விழுவார்கள் என்று, கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளை நல்லெண்ணத்தில் ஜமக்காளத்தின் நுனியை உள்ளே மடித்துவிட்டிருக்கிறார். ஆல்டருக்கு முன்னால் கொஞ்சம் இடம் வெறும் தரை. இவர் முழங்கால் நடுங்கத் தொடங்கியது. பாட்டு முடிந்துவிட்டது. பொன்ராஜ் அண்ணன் எழுந்தான். அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

பியூலா பூச்செண்டை ஒரு கைக்கு மாற்றினாள். புடவையைக் கொஞ்சம் தூக்கி, தன் காலை இவர் காலுக்கு முன்னால் குறுக்கே நீட்டினாள். மெதுவாகத்தான் கேட்டாள், ஆனால் எனக்குக் கேட்டது.

"அப்பா, கொளமா கரையா?"

இவர் குனிந்து பார்த்தார்.

"கொளம்," என்றார்.

"அப்ப தாண்டுங்க."

தாண்டினார். அவள் காலைத் தாண்டி அந்தப் பக்கம் போய் நின்று, அவள் கையை எடுத்து ரெஜின் கையில் வைத்தார். ஆயர் அடுத்து என்ன ஜெபம் செய்தார் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

மழை எவ்வளவு என்று பார்க்க மறந்துவிட்டேன்.

பியூலா பாளையங்கோட்டை போய்விட்டாள். வீடு துடைத்துவிட்டது போல இருக்கிறது. கந்தவேல் போன் செய்தார். அந்தப் பூக் கம்பளத்துக்கு ஆள் வந்திருக்கிறது, கொடுக்கிறீர்களா என்று. மாட்டேன் என்றேன். அது அடியில் கிடக்கட்டும், கால் வைத்தால் மெத்தென்று இருக்கிறது. மேலே ஜமக்காளம். எங்கள் பங்களாவே கீழே இருக்கிறது என்று எனக்குத் தெரிந்தால் போதும்.

காலையில் இவருக்குக் காபி எடுத்துக்கொண்டு வந்தேன். எதிர்முனையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பியூலாவின் அறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவர், நான் ஜமக்காளத்தில் கால் வைத்ததும் திரும்பினார்.

"ரூபி, கொளமா கரையா?"

"வயசான காலத்துல என்ன விளையாட்டு," என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். குனிந்து என் காலைப் பார்த்தேன். நீலத்தில் இருந்தது.

"கொளம்," என்றேன்.

அடுப்பில் பால் பொங்கும் சத்தம் கேட்டது. காபி கொஞ்சம் சிந்தியது. எதையும் பார்க்கப் போகவில்லை. முதலில் கரைக்குத் தாண்டினேன்.